செய்நிரற் கல்வியும் தமிழ்மொழி மாணவரும்

ஒரு காலத்தின் அறிவு எம்மொழியிற் கற்பிக்கப்படுகின்றது, எவர்க்குக் கற்பிக்கப்படுகின்றது என்னும் வினாக்கள், அக்காலத்தின் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்னும் வினாவிலிருந்து பிரிக்கவொண்ணாதவை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவமும் சட்டமும் அத்தகைய அறிவுகளாய் விளங்கின. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்து வலுப்பெற்ற தாய்மொழிவழிக் கல்வியும் கிராமத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயில்வரை கொணர்ந்தன. இன்று அவ்விடத்தைப் பெற்றிருக்கும் அறிவுகளுள் ஒன்று செய்நிரலாக்கம். அதிலும் குறிப்பாக, பெருநிறுவனங்களின் அன்றாட அலுவல்களை இணையவழி நடத்தும் வலைச் செயலிகளை ஆக்கும் உயர்நிலைச் செய்நிரலாக்கம்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் மாற்றுகின்றோம். பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கின்றோம். மின்சாரக் கட்டணம் செலுத்துகின்றோம். பேருந்தில் ஆசனம் ஒதுக்குகின்றோம். இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வலைச் செயலி இயங்குகின்றது. ஒருவரை ஏற்பதா மறுப்பதா, எவருக்கு எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்னும் விதிகள் முன்னர் எழுதுவினைஞரின் மேசையில் இருந்தன. இன்று அவை செய்நிரலில் எழுதப்பட்டுள்ளன. அவ்விதிகளை எழுத வல்லார் யார் என்பது வெறுந் தொழில்வாய்ப்புப் பற்றிய வினா அன்று. அது ஒரு சமூக வினா.

இவ்வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. உயர்நிலைச் செய்நிரலாக்கம் கணிதப் பிரிவினர்க்கும் ஆங்கிலம் வல்லார்க்குமே உரியது, கலைப்பீட மாணவர், அதிலுந் தமிழ்மூலங் கற்றோர், கடிதம் தட்டச்சிடவும் விரிதாளிற் கூட்டிக் கழிக்கவும் பழகினாற் போதும் என்பது முதலாவது. மூன்று மாதத்தில் எவரையும் 'உயர்நிலைச் செய்நிரலாளர்' ஆக்கிவிடலாம், கட்டணத்தைக் கட்டினாற் போதும் என்பது இரண்டாவது. முன்னது கல்விமான்களின் வாயிலிருந்தும் பின்னது விளம்பரப் பலகைகளிலிருந்தும் வருகின்றது. ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றினும் இவ்விரண்டும் நெருங்கிய உறவினவே. முறையான வாயில் அடைக்கப்பட்ட இடத்திலேதான் வாயிலுக்கு வெளியே கடை விரிப்போர் தோன்றுவர். இரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியிலிருந்து குருநாகல் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கலகெதர. கண்டி இராச்சியத்தின் காலத்தில் அது மலைநாட்டின் வாயில்களுள் ஒன்று. 1803இல் கண்டியை நோக்கி வந்த பிரித்தானியப் படை, கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவல்களைக் கைப்பற்றிய பின்னரே தலைநகரை அடைந்தது. இன்று அவ்வூரின் சுற்றுக் கிராமங்களிலே சிங்கள மக்களோடு தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களும் வாழ்கின்றனர். மிளகு, கராம்பு ஆகியன வீட்டுத் தோட்டத்துப் பயிர்கள். தமிழ்மூலம் உயர்தரங் கற்கும் பிள்ளைகளிற் பலர் கலைப்பிரிவையே தெரிவு செய்கின்றனர். அவர்களுட் பலரது நாட்டம் இயல்பாகவே அத்துறையில் இருப்பதனால் அன்று. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிராமத்துப் பாடசாலைகளிற் போதாமையினாலேயாம். அவர்கள் பட்டதாரிகளாகி வெளிவருகையில் எதிர்கொள்வது யாதென நாம் அறிவோம். 2020இல் வேலையற்ற பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் அரச சேவையிற் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். பட்டம் பெற்றோர்க்கு அரசின் இரக்கமே தொழிலாக அமைவது கல்விக்குப் பெருமை அன்று.

இந்நிலையிலேதான் விளம்பரங்கள் வருகின்றன. கண்டி நகரில் இயங்கும் தனியார் நிலையமொன்றின் 'உயர்நிலை வலைச் செயலி' வகுப்பில் எம்மூர் மாணவர் சிலருடன் யானும் பன்னிரண்டு வாரங்கள் இருந்தேன். அவருட் சிலரின் கட்டணம் அவ்வாண்டு மிளகு விற்ற பணம். ஆசிரியர் திரையில் எழுதியதைப் பார்த்து நாங்கள் எழுதினோம். அவர் அழுத்திய இடத்தில் அழுத்தினோம். இறுதியில் ஒரு பக்கம் தோன்றியது. ஒரே ஆசனத்துக்கு இருவர் ஒரே கணத்தில் விண்ணப்பித்தால் யாது நிகழும் என ஒரு மாணவி வினவினார். அதனை வேலை செய்யும் இடத்திற் பார்த்துக்கொள்வார்கள் என்பதே கிடைத்த விடை. அம்மாணவியின் வினாவே அப்பாடத்தின் உயிர் என்பதை அங்கு எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவ்வினாவைச் சற்று விரித்து நோக்குவோம். மிளகு கொள்வனவு செய்யும் கடைக்காரர் பேரேடு ஒன்று வைத்திருக்கின்றார். ஒருவர் கணக்கிற் பற்று எழுதினால் மற்றொரு கணக்கில் வரவு எழுத வேண்டும். இரண்டும் எழுதப்பட வேண்டும். அன்றேல் இரண்டும் எழுதப்படாதிருக்க வேண்டும். பற்றை எழுதி வரவை எழுதுமுன் விளக்கு அணைந்துவிட்டால் கணக்குப் பொய்யாகும். வங்கிச் செயலியின் அடிப்படையும் இதுவே. ஒரு கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டு, மற்றதிற் சேர்க்கப்படுமுன் கணினி நின்றுவிடின், கழித்தது தானாகவே மீள வேண்டும். கணினி அறிவியலார் இதனைப் பிரிக்கவொண்ணாத ஒரு கொடுக்கல் வாங்கலாகக் கொள்வர். இத்துறையில் ஆற்றிய பணிக்காகவே ஜிம் கிரே என்பார் 1998ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருதைப் பெற்றார். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் எழுதும் பேரேட்டில் ஒருவர் எழுத்தை மற்றொருவர் எழுத்து அழியாமற் காப்பது எவ்வாறு என்பதே அம்மாணவியின் வினாவாக இருந்தது.

இத்தகைய அடிப்படைகள் எண்ணிறந்தன அல்ல. தரவை அட்டவணைகளாகவும் அவற்றிடையேயான தொடர்புகளாகவும் ஒழுங்குபடுத்தும் கொள்கையை எட்கர் கொட் 1970இல் வெளியிட்டார். பெரிய செய்நிரலை எவ்வாறு பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும், எப்பகுதி எதனை மற்றப் பகுதிகளிடமிருந்து மறைத்தல் வேண்டும் என்பதை டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதினார். பயனர் யார் என உறுதிசெய்வது வேறு, அவருக்கு என்ன உரிமை உண்டு என முடிவுசெய்வது வேறு என்னும் பாகுபாடும், எழுதிய செய்நிரலைச் சோதிக்க வேறொரு செய்நிரல் எழுதும் ஒழுக்கமும், யார் எப்போது எதனை மாற்றினார் என்பதற்குப் பதிவு வைத்தலும் இவற்றோடு சேரும். 'உயர்நிலை' என்னும் அடைமொழிக்குத் தகுதியுடையவை இவையே.

விளம்பரப் பலகையில் இவற்றுள் ஒன்றேனும் இடம்பெறுவதில்லை. அங்கே இருப்பவை கருவிகளின் பெயர்கள். கருவிகள் தேவையற்றவை என்பது எம் கருத்தன்று. உளியின்றிச் சிற்பி இல்லை. ஆயின் அவற்றின் ஆயுள் யாது? ஜாவா மொழி 1995இல் வெளிவந்தது. பெருநிறுவனங்களுக்கான அதன் பதிப்பு 1999இல் வந்தது. அப்பதிப்பின் சுமையைக் குறைக்கவெனத் தோன்றிய ஸ்பிரிங் சட்டகம் 2004இல் முதற்பதிப்புக் கண்டது. கூகிள் நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ் உலகெங்கும் பரவி, 2021ஆம் ஆண்டு முடிவோடு அந்நிறுவனத்தின் ஆதரவை இழந்தது. அப்பெயரை மட்டும் கற்றோர் கையில் எஞ்சியது ஒரு சான்றிதழ்த் தாள். அதன் அடியில் இருந்த கொள்கைகளைக் கற்றோரோ அடுத்த கருவிக்குச் சில வாரங்களில் மாறிக்கொண்டனர். அடிப்படையை மறைத்துப் பெயரை விற்பது கல்வியன்று, வாணிபம்.

இனி முதலாவது கூற்றுக்கு வருவோம். கணிதமின்றிச் செய்நிரலாக்கம் இல்லை என்பர். எந்தக் கணிதம் என அவர்கள் சொல்வதில்லை. வானோடம் பறக்கும் பாதையைக் கணிக்கும் செய்நிரலுக்கு நுண்கணிதம் வேண்டும். சம்பளப் பட்டியலுக்கும் நூலகப் பதிவுக்கும் வேண்டுவது பெரும்பாலும் அளவையியலே. 'பட்டதாரியாகவும் அரச ஊழியரல்லாதவராகவும் இருப்பின், அல்லது விசேட அனுமதி பெற்றிருப்பின்' என்னும் நிபந்தனையைப் பிழையின்றிப் பிரித்தறியும் ஆற்றல் அது. இந்நாட்டிலே உயர்தரக் கலைப்பிரிவிற் பல மாணவர் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்னும் பாடத்தைத் தமிழிலேயே கற்று வருகின்றனர். உண்மை அட்டவணை வரைந்து வாதத்தின் வலிமையைச் சோதித்த மாணவரிடம், நிபந்தனைக் கூற்று உமக்கு விளங்காது என உரைப்பது நகைப்புக்குரியது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான டெய்க்ஸ்ட்ரா 1975இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், கணித நாட்டத்துக்கு அடுத்தபடியாகத் திறமைமிக்க செய்நிரலாளருக்கு இன்றியமையாத முதல் தாய்மொழியில் அவர் கொண்டுள்ள மிகச்சிறந்த ஆட்சியே எனக் கூறினார். அவர் நெதர்லாந்தர், தமக்கு ஆங்கிலந் தாய்மொழி அன்று என்பதை உணர்ந்தே கூறியவர். ஒரு தேவையைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதார் அதனைச் செய்நிரலாகவும் எழுதமாட்டார். மொழியைக் கூர்ந்து நோக்கும் பயிற்சி எப்பீடத்தில் மிகுதி என்பதை வாசகர் தாமே முடிவு செய்க.

மொழியும் சமூகமும் அறியாதார் எழுதும் செயலிகளின் குறைகளை நாம் நாள்தோறும் அனுபவிக்கின்றோம். விண்ணப்பப் படிவம் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என இரு கட்டங்களைத் தந்து இரண்டையும் நிரப்புமாறு வற்புறுத்துகின்றது. தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடும்பப் பெயர் எது? ஒரு படிவத்தில் ஒருவாறும் மற்றொன்றில் வேறொருவாறும் எழுதி, ஈற்றில் தந்தையின் பெயரால் அழைக்கப்படும் பிள்ளைகள் எத்தனை பேர்! இன்னுமோர் எடுத்துக்காட்டு நுட்பமானது. ஒருங்குறியிலே 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அவற்றை முதலில் ஒருமைப்படுத்தாத தரவுத்தளத்துக்கு அவை வெவ்வேறு. அங்கே 'கொழும்பு' என்று தேடுபவருக்குப் பதிவேட்டில் உள்ள 'கொழும்பு' அகப்படாது போகலாம். தமிழில் வாசிப்போரே இதனைச் சோதித்துக் கண்டுபிடிப்பர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் அரச இணையத்தளங்கள் பலவற்றின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாற் பாதி வெறுமையும் மீதி ஆங்கிலமுமாய் இருக்கக் காண்கின்றோம். சட்டத்தில் உள்ள மொழி செயலியில் இல்லை. அதனை அங்கே எழுதவேண்டியோர் நாமே.

ஆங்கிலமின்றி இத்துறையிற் புகல் இயலாது என்னும் வாதம் ஏனையவற்றினும் வலிமையுடையது. அதனை நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். செய்நிரல் மொழிகளின் ஆணைச்சொற்கள் ஆங்கிலம், கையேடுகள் ஆங்கிலம், தொழில் நேர்முகமும் ஆங்கிலம். ஆங்கிலத்தைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. எந்தத் தமிழ் மாணவரும் அதனைக் கற்றே ஆகவேண்டும். ஆயின் 'முதலில் ஆங்கிலம், பின்னர் செய்நிரல்' என்னும் வரிசையையே மறுக்கின்றோம். அவ்வரிசை ஒருவரின் இருபது வயதுகளை வாயிலிலேயே கழிக்கச் செய்வது. கருத்தைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவர் கையேட்டின் ஆங்கிலத்தை அக்கருத்தைக் கொண்டே எட்டிப் பிடிப்பர்; கருத்தும் அறியார் மொழியும் அறியார் மனனஞ் செய்வர். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் பைதன் செய்நிரலும் தரவுத்தள வினவலும் வலைப்பக்க ஆக்கமும் ஏற்கனவே தமிழிற் கற்பிக்கப்படுகின்றன. பாடசாலையில் இயலுவது பல்கலைக்கழக வாயிலை மிதித்தவுடன் இயலாததாவது எங்ஙனம்?

இயலும் என்பதற்கு வரலாறு சான்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடலமைப்பியல் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். இல்லாத சொற்களை ஆக்கிக்கொண்டார். சொற்கள் முதலில் வரட்டும், பின்னர் கற்பிப்போம் என அவர் காத்திருக்கவில்லை. எமது கண்டியிலும் ஒருவர் இருந்தார். 1838இற் கண்டியிற் பிறந்த சித்திலெப்பை வழக்கறிஞர், ஆங்கிலம் நன்கறிந்தவர். எனினும் 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தமிழிலேயே தொடங்கி, நவீன கல்வியை மறுத்த தம் சமூகத்தாரோடு அதன் வாயிலாகப் போராடினார், பாடசாலைகளும் அமைத்தார். புதிய அறிவைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாது மக்களின் மொழியிற் பரப்பியதனாலேயே அவர் பெயர் நிலைத்தது.

இவ்விடத்தில் நம்மவருள் ஒரு சாராரையும் கண்டித்தல் வேண்டும். தொல்காப்பியத்திலேயே செய்நிரலாக்கம் உண்டு, நாம் எவரிடமும் கற்கவேண்டியதில்லை என மேடையில் முழங்குவோர் அவர். விதிகளாற் கட்டப்பட்ட இலக்கணம் நம்மிடம் உண்டென்பது உண்மை; அதனைப் பயின்றோர்க்கு விதிமுறைச் சிந்தனை எளிதாகும் என்பதும் ஏற்கத்தக்கது. ஆனால் பழம்பெருமை ஒரு செயலியையும் இயக்காது. தகுதியில்லை எனத் தடுப்போரும் தேவையில்லை எனத் தடுப்போரும் ஈற்றில் ஒரே வேலையையே செய்கின்றனர்.

இந்நாட்டில் இத்துறை தொலைதூரக் கனவு அன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின், இங்குள்ள தன்னார்வலர்கள் காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருட்களையும் பதிவு செய்யும் 'சஹானா' என்னும் திறந்த மூல வலைச் செயலியை ஆக்கினர். அது மறுவருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. 2005இல் சஞ்சீவ வீரவரணவும் பிறரும் நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2, பெருநிறுவனங்களின் வெவ்வேறு செயலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டு உலகச் சந்தையில் இடம்பெற்றது. அதன் பொறியியலாளர் உருவாக்கிய 'பலெரினா' என்னும் செய்நிரல் மொழி 2019இல் முதலாவது நிலைபேறான பதிப்பைக் கண்டது. 2024இல் அந்நிறுவனத்தை ஈ.கியூ.ரீ. என்னும் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் வாங்க உடன்பட்டது. ஈழத்தில் எழுதப்பட்ட செய்நிரலின் பயன் ஈற்றில் எவரைச் சேர்கின்றது என்பது தனியே ஆராயத்தக்கது.

எமக்கு இங்கே வேண்டுவது மற்றொரு பாடம். இம்மென்பொருள்களின் மூலநிரல் எவரும் வாசிக்கத் திறந்து கிடக்கின்றது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்ட மரபில் வந்த நாம், உலகத் தரமுடைய இந்த மூலபாடத்தைக் கட்டணமின்றி எடுத்து வாசிக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்பதையும் காணலாம். கலகெதரவில் இருப்பவர்க்கும் கொழும்பில் இருப்பவர்க்கும் அது ஒன்றே. குறைவது வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசான்.

செயற்கை நுண்ணறிவே செய்நிரலை எழுதும் காலத்தில் இதெல்லாம் எதற்கு எனச் சிலர் வினவுவர். 2022 இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர் அவ்வினா வலுத்துள்ளது. எழுதித் தரும் பொறி எழுதியது சரியா என எவர் சொல்வது? ஒரே ஆசனத்துக்கு இருவர் விண்ணப்பித்தால் யாது நிகழும் என அதனிடம் வினவவும், அது தந்த விடையிற் பிழை காணவும் அடிப்படை அறிந்த ஒருவர் வேண்டும். எழுதுங் கூலி மலிந்தால் மதிப்பிடும் அறிவின் விலை ஏறும். பார்த்தெழுதுவதை மட்டும் கற்பித்த வகுப்புகளுக்கே இப்பொறி எமன். சிந்திக்கக் கற்றவர்க்கு அது ஏவலாள்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. கலைப்பீடங்களிற் கணினிப் பாடம் தட்டச்சோடும் விரிதாளோடும் நின்றுவிடலாகாது. விரும்பும் மாணவர்க்கு அளவையியலில் தொடங்கித் தரவுத்தளம், கொடுக்கல் வாங்கல், பாதுகாப்பு எனப் படிப்படியாக மூன்றாண்டும் செல்லும் ஒரு தெரிவுப்பாடம் வேண்டும். அதன் விரிவுரை எம்மொழியில் அமையினும் வழிகாட்டல் வகுப்புத் தமிழில் நடைபெறல் வேண்டும். பொறியியற்பீட, விஞ்ஞானபீடத் தமிழ் மாணவர் தாம் கற்றதைத் தமிழில் எடுத்துரைக்க முன்வரல் வேண்டும்; அவ்வாறு உரைக்க முயலும்போதே தமக்கு எது விளங்கவில்லை என்பதை அவர்களும் அறிவர். தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றத்துக்குச் செலவிடும் உழைப்பிற் பாதியை, மூன்று மொழியிலும் தேடத்தக்க ஒரு நூற்பட்டியற் செயலியை மாணவரே ஆக்குவதற்குச் செலவிடுக. தம் பழைய மலர்களையே அதன் முதற் பதிவுகளாக்குக. அதில் 'கொ' எழுத்தைத் தேடிப் பெறுவதற்குள் அம்மாணவர் கற்பது, பல விளம்பர வகுப்புகளிற் கற்பதினும் மிகும்.

வாயிலைக் காப்போரை நோக்கி நாம் கேட்பது சலுகை அன்று. அளவையியலைத் தமிழிற் கற்பித்தீர். வரலாற்றையும் பொருளியலையும் தமிழிற் கற்பித்தீர். இக்காலத்து விதிகள் எழுதப்படும் மொழியை மட்டும் எம்மிடமிருந்து விலக்கி வைக்க நியாயம் யாது? விடை கூறும் கடமை உமது. விடை வரும்வரை காத்திராது கற்கத் தொடங்கும் கடமை எமது.